ஜாப் ஒர்க்கில் சேர்த்த கால்பந்து டீம்

அந்த ஆபீஸ் ரூமில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். பெரியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ருக்மணி அக்கா கதவோரமாக, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில், கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நான்.

"மாஸ்டரு, அந்தப் பந்து கிளப்ப மூடச் சொல்லுங்க" என்றார் பெரியவர், ஜன்னலிடம்.

அக்கா நின்ற இடம் கைக்கெட்டும் தூரம்தான். காதும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் முறைப்படி திரும்பி, "கிளப்ப மூடச் சொல்றாருங்க அக்கா" என்றேன்.

"மூட முடியாதுன்னு சொல்லீருங்க மாஸ்டரு."

மறுபடி திரும்பினேன். "மூட முடியாதாமுங்க."

"கிறுக்குப் புடிச்சிருக்குதான்னு கேளுங்க."

இதை எப்படி அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பது? தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒருக்கா யோசன பண்ணிப் பார்க்கச் சொல்றாருங்க அக்கா" என்றேன்.

"அவரு கிறுக்குன்னது எனக்கே கேட்டுச்சுங்க. நீங்க ஒண்ணும் சக்கர தூவித் தர வேண்டாம்" என்றார் அக்கா காலண்டரிடம்.

பெரியவர் என்றால் அக்காவின் கணவருக்கு அண்ணன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் தம்பி பெண்டாட்டி கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேச மாட்டார். அவர் வந்தால் எழுந்து அக்கட்டால் போய்விடுவார். தவிர்க்க முடியாமல் பேச வேண்டி வந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். குழந்தை இருந்தால் குழந்தை, இல்லாவிட்டால் மாட்டைக் கட்டிக்கொண்டிருக்கிற ஆள். கம்பெனியில் குழந்தையும் கிடையாது, மாடும் கிடையாது. நான் இருந்தேன்.

போன வாரம் என் முழங்கால் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி, "ஊரே படிக்கற புஸ்தகத்துல உங்க முட்டியப் பத்தி எழுதறீங்களே, வேற சங்கதியே இல்லீங்களா?" என்றாள். ஆகையால் முட்டியை இத்தோடு விட்டுவிடுகிறேன். முட்டி போன பிறகு நான் பவர் டேபிள் மாஸ்டர், அதாவது தையல் மாஸ்டர் ஆனேன், கூடவே செவ்வந்தி கால்பந்துக் கழகத்துக்கு மேனேஜரும் ஆனேன் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

துணி காய்ந்தால் பந்து

செவ்வந்தி கிளப் சின்னவர் ஆரம்பித்தது. சின்னவர்தான் அக்காவின் கணவர். வீரபாண்டியில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டபோது பெரியவருக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம், இவருக்கு இந்தப் பக்கம்.

சம்பளத்துக்குப் பந்து விளையாடிய ஆட்கள் நாங்கள். சொன்னால் என் பேரன் நம்ப மாட்டேன் என்கிறான். கம்பெனியில் ஹெல்பர், பேக்கிங் என்று ஏதோ ஒரு பெயரில் வேலை போட்டிருப்பார் சின்னவர். சாயங்காலமானால் எங்கள் வேலை பந்து. மாவட்ட லீக்கில் முதல் டிவிசன் டீம். கோயமுத்தூர் மில் டீம்களே எங்களைக் கண்டால் கொஞ்சம் யோசித்துத்தான் இறங்குவார்கள்.

மைதானம் என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனிக்குப் பின்னால் இருந்த புல்தரைதான். பகலெல்லாம் சலவை பண்ணிய துணியை அதில் நீளநீளமாக விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். துணி காய்ந்து சுருட்டிய பிறகுதான் எங்களுக்கு இடம். சின்னவர் வெளியே வந்து துணியைத் தொட்டுப் பார்ப்பார். "இன்னும் ஈரமா இருக்குது, சித்த நேரம் பொறுங்க" என்பார். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பந்து கிடையாது. மற்ற ஊரில் மழை நின்றால் விளையாடுவார்கள், எங்களுக்குத் துணி காய வேண்டும். புல்லில் எப்போதும் பிளீச்சிங் வாசம் அடிக்கும். சறுக்கி விழுந்து எழுந்தால் அழுக்குப் போய் வெளுப்பாக எழுந்திருப்போம் என்று மற்ற டீம்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்தச் சின்னவர் ஒரு நாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நாற்பதைக்கூடத் தாண்டவில்லை. எனக்கு அவர் முதலாளி, சிநேகிதர், எல்லாம். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.

அவர் போனதும் கிளப் கலகலத்துவிட்டது. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் எல்லாம் வேறு டீம்களுக்குப் போய்விட்டார்கள். போகாமல் நின்றது நாலைந்து பேர். அவர்களும் விசுவாசத்தால் நின்றார்கள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

சாவி

பெரியவர் கெட்ட மனுசர் இல்லை. தம்பி சொத்து வீணாய்ப் போகக்கூடாதே என்ற கவலை அவருக்கு. பொம்பளை மில்லுக்குப் போய் நூல் பேசுவதும், வேட்டிக்காரர்களுக்கு மத்தியில் உட்கார்ந்து ஆர்டர் பேசுவதும் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அக்கா வீட்டில் இருக்கட்டும், இரண்டு கம்பெனியையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதாவது என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அக்காவோ, "கம்பெனியும் கிளப்பும் ரெண்டுமே அவரு வெச்சுட்டுப் போனது. ஒண்ண வெச்சுட்டு ஒண்ண மூட மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றார்.

அன்றைக்கு அந்த ரூமில் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பதனோரு பசங்கள நடத்த முடியாதவங்க எரநூறு பேரு வேல செய்யற கம்பெனிய எப்படி நடத்துவாங்கன்னு கேளுங்க மாஸ்டரு. ஒண்ணு சொல்றேன். இந்த சீசன்ல டீம் கீழ் டிவிசனுக்கு எறங்குச்சுன்னா, கம்பெனிச் சாவி என்ற கைக்கு வந்தரோணும். எறங்காம நின்னுச்சுன்னா நான் இந்த வாசப்படி மிதிச்சு ஒரு வார்த்த பேச மாட்டேன்."

நான் திரும்பி வாயைத் திறந்தேன்.

"சரின்னு சொல்லீருங்க" என்றார் அக்கா.

டீமின் லட்சணம் எனக்கல்லவா தெரியும்! ஜன்னல் பக்கம் திரும்பி, "யோசிச்சுச் சொல்றாங்களாமுங்க" என்றேன். "சரின்னாங்க, எனக்குக் கேட்டுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார் பெரியவர். சாயங்காலத்துக்குள் வீரபாண்டி முழுக்க அந்தச் சங்கதி பரவிவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்து, "சாவிய எங்க வெச்சிருக்கறீங்க மாஸ்டரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆளுக்கு ஓர் ஊர்

அக்காவுக்குக் கால்பந்து தெரியாது. பந்து உருண்டை என்பது தெரியும், அதோடு சரி. ஆனால் பனியன் தெரியும். ஆகையால் பனியன் எப்படிச் செய்கிறோமோ அப்படியே டீமையும் செய்துவிடலாம் என்று நினைத்தார்.

"ஏனுங்க மாஸ்டரு, துணி நாமளா ஓட்டறோம்? நிட்டிங்காரருகிட்டக் குடுக்கறோம். சாயம் நாமளா போடறோம்? டையிங்காரருகிட்டக் குடுக்கறோம். பிரிண்டிங் ஒருத்தரு, எம்பிராய்டரி ஒருத்தரு. எல்லாம் ஜாப் ஒர்க். தெச்சுச் சேர்த்து பெட்டி கட்டறது மட்டுந்தான் நாம. டீமுக்கும் அப்படியே பண்ணுனா என்ன?"

கேட்கும்போது எனக்குச் சரியாகத்தான் பட்டது. நானும் அதே ஊர்க்காரன்தானே, எனக்கு மட்டும் வேறு புத்தி எங்கிருந்து வரும்!

கொமரலிங்கத்தில் ஒரு கோல்கீப்பர் பிடித்தோம். பெயர் சவரிமுத்து. அமராவதிக் கரையில் வயல் வேலை. நாற்றுக் கட்டை தூரத்திலிருந்து எறிந்தாலும் ஒரு கையில் பிடிப்பான். வெள்ளகோவிலில் இரண்டு பேக் ஆட்டக்காரர்கள். உறவில் மாமன் மச்சான், இரண்டு பேரும் ஆறடி. பாலக்காட்டில் உன்னி என்று ஒரு ஃபார்வர்டு. மிச்சம் இரண்டு மூன்று பேரை உடுமலைப் பக்கமும் கோயமுத்தூர்ப் பக்கமும் பிடித்தோம்.

எல்லாருக்கும் ஒரே சொல். அவரவர் ஊரில் அவரவர் பிராக்டிஸ் செய்துகொள்ள வேண்டியது. மேட்ச் அன்றைக்கு டெலிவரி. அக்கா அந்த வார்த்தையைத்தான் சொன்னார். "ஞாயித்துக்கெழம மத்தியானம் டெலிவரி ஆயிரோணும்னு சொல்லீருங்க மாஸ்டரு. லேட் ஆகக் கூடாது."

ஜெர்சியும் அப்படியே. செவ்வந்தி என்றால் மஞ்சள் என்று பாதித் துணியை ஒரு சாயப்பட்டறையிலும், அவசரம் என்பதால் மீதியை இன்னொரு பட்டறையிலும் போடக் கொடுத்தோம்.

சும்மா சொல்லக் கூடாது, டெலிவரி கச்சிதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு திசையிலிருந்தும் பஸ் பிடித்து எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

சேம் சைடு

மைதானத்தில் இறங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு மீதிப் பேரை அடையாளம் தெரியாது.

ஜெர்சி இன்னும் மோசம். ஒரு பட்டறை மஞ்சள் எலுமிச்சம்பழ மஞ்சள். இன்னொரு பட்டறை மஞ்சள் மாம்பழ மஞ்சள். எதிர் டீம் போட்டிருந்தது ஆரஞ்சு. வெயிலில் பார்த்தால் எங்கள் மாம்பழம் அவர்கள் ஆரஞ்சோடு நெருங்கிய சொந்தக்காரன் மாதிரி இருந்தது. உன்னி ஓடி ஓடிப் பந்தை எடுத்து அழகாக ஆரஞ்சுக்காரனிடம் கொடுத்தான். எங்கள் ஆள் ஒருவன் எங்கள் ஆள் காலிலிருந்தே பந்தைப் பிடுங்கிவிட்டு, "ஏனுங்க, நீங்க நம்ம டீமுங்களா?" என்று நின்று விசாரித்தான்.

வெள்ளகோவில் மாமன் மச்சானுக்கு நடுவில் ஒரு பந்து வந்தது. குழந்தைகூட எடுத்துவிடும்.

"மச்சான், நீங்க எடுங்க" என்றார் மாமன்.

"இல்லீங்க மாமா, நீங்களே எடுங்க."

"அட, சும்மா எடுங்க மச்சான்."

எதிர் டீம் ஃபார்வர்டு இடையில் புகுந்து எடுத்தான். கோல்.

அடுத்ததை நாங்களே அடித்தோம். மாமன் பந்தைப் பின்னால் கீப்பருக்குத் தள்ளினார். சவரிமுத்து அப்போது போஸ்டில் இல்லை, ஓரமாக வந்து என்னிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் குற்றமில்லை. அவன் ஊரில் பேக் ஆட்டக்காரர்கள் பந்தைப் பின்னால் தள்ளும் பழக்கமே கிடையாது. சேம் சைடு கோல். மொத்தம் நாலு வாங்கினோம்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்ததும் அதே. டீக்கடையில் இப்போது சாவியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, அதை வாங்கப் பெரியவருக்கு எந்த நாள் நல்ல நாள் என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒரே லாட்

திங்கட்கிழமை காலையில் நான் கம்பெனிக்குள் நுழையும்போது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு ஜெர்சி. வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டரு, இந்தத் துணில ஒண்ணு ஒடம்புக்கும் இன்னொண்ணு கைக்கும் வெச்சுத் தெச்சா ஆர்டர் குடுத்த பையர் வாங்குவாருங்களா?"

"மூஞ்சில வீசுவாருங்க. ஷேடு மாறிப்போச்சே."

"ரெண்டு பட்டறைக்கும் ஒரே கலர் சாம்பிள்தான் குடுத்தோம். ரெண்டு பேரும் நல்ல வேலக்காரங்க. அப்பறம் ஏன் மாறுது?"

"ஒரே லாட்டா, ஒரே தொட்டில போட்டாத்தானுங்க அக்கா ஒரே கலர் வரும்."

அக்கா என்னையே பார்த்தார். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது.

"அக்கா, நீங்க ஜெர்சியச் சொல்றீங்களா, ஆளுகளச் சொல்றீங்களா?"

"எல்லாத்தையும் பெட்டி படுக்கையோட வரச்சொல்லீருங்க" என்றார்.

வந்தார்கள். துணி குடோன் மாடியில் எல்லாருக்கும் பாய். அக்கா வீட்டிலிருந்து சாப்பாடு. வாரத்தில் மூன்று நாள் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதம். உன்னி முதல் நாள் தட்டைப் பார்த்து, "மீன் இல்லியோ?" என்றான். இரண்டாம் நாளும் கேட்டான். மூன்றாம் நாள் நெய்யை இரண்டு கரண்டி கூடக் கேட்டான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பதினோரு பேரையும் என் தலையில் கட்டினார் அக்கா. ஒரு முழு பவர் டேபிளில் அவர்களை உட்கார வைத்துத் தைக்கச் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

பவர் டேபிள் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான மேஜை. அடியில் ஒரே மோட்டார், ஒரே தண்டு. அந்தத் தண்டிலிருந்து எல்லா மிஷினுக்கும் பெல்ட் போகும். ஒருவன் தோள்பட்டை மூட்டித் தள்ளுவான், அடுத்தவன் கை வைப்பான், அதற்கடுத்தவன் பக்கம் மூட்டுவான். நடுவில் ஒருத்தன் மூக்கைச் சொறிந்தால் அவனுக்கு முன்னால் துணி மலையாகக் குவியும், அவனுக்கு அடுத்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். டேபிள் முழுக்க அவனைத் திட்டும்.

அட, அவர்கள் தைத்த தையலை என்னவென்று சொல்ல! ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கழுத்து ஓட்டை காதுப் பக்கம் போயிருக்கும். நல்லவேளையாக அக்கா எக்ஸ்போர்ட் துணியைத் தரவில்லை, உள்ளூர்த் துணிதான் தந்தார். கழித்துப் போட்ட பனியனையெல்லாம் தொழிலாளிகளுக்கே கொடுத்துவிட்டோம். அந்த வருடம் வீரபாண்டியில் யாரைப் பார்த்தாலும் ஒரு பக்கத் தோள் இறங்கித்தான் இருக்கும். என் வீட்டுக்காரி அதில் ஒன்றைத் தலையணை உறையாக்கினாள், தலையணைக்கும் சரியாக வரவில்லை.

மாமன் மச்சானைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன். முதல் நாள் ஒரு பீஸை நடுவில் வைத்துக்கொண்டு, "நீங்க தைங்க", "இல்லீங்க, நீங்க தைங்க" என்று மரியாதை செய்துகொண்டார்கள். தண்டு நிற்குமா? துணி குவிந்து இரண்டு பேர் முகமும் மறைந்துபோயிற்று. நாலாம் நாள் மச்சான் கையைத் தூக்கி, "எனக்கு!" என்று ஒரே சொல்லாகக் கத்தினான். மாமன் விட்டுக்கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

உன்னி பீஸைத் தைத்து, திரும்பிப் பார்க்காமலே இடது பக்கம் எறிவான். "பார்த்துக் குடுப்பா" என்று திட்டினால், "நோக்கண்டா சேட்டா, ஆளு அவிடெ உண்டு" என்பான். பார்க்க வேண்டியதில்லையாம். உண்மைதான். ஆள் அங்கேதான் இருப்பான். போகப்போக எல்லாருமே பார்க்காமல் தள்ள ஆரம்பித்தார்கள். யார் எந்தப் பக்கம் தள்ளுவான், யாருக்கு நிதானம், யாருக்கு அவசரம், யார் திட்டினால் வேலை செய்வான், யார் திட்டினால் முறைத்துக்கொள்வான் என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் அத்துப்படியாகிவிட்டது. சாயங்காலம் துணி சுருட்டியதும் அப்படியே எழுந்து போய்ப் பந்து விளையாடினார்கள்.

அதற்கப்புறம் ஒரு மேட்ச் சமம். அடுத்தது ஜெயித்தோம். எனக்கு நம்பிக்கையே வரவில்லை, ரெஃப்ரியிடம் இரண்டு தரம் கேட்டேன்.

இரண்டு நாற்காலி

முதலில் வாங்கிய தோல்விகள் சும்மா விடுமா? கடைசி மேட்ச்சுக்கு வந்தபோதும் நாங்கள் விளிம்பில்தான் நின்றோம். தோற்றால் கீழ் டிவிசன். சமம் செய்தால்கூடத் தப்பித்துவிடலாம். எதிரே கோயமுத்தூர் மில் டீம் ஒன்று. எங்கள் பழைய ஆட்கள் இரண்டு பேர் அதில்.

அன்றைக்குப் பெரியவர் அம்பாசடர் காரில் வந்து இறங்கினார். தம்பி உயிரோடு இருந்தபோதுகூட ஒரு மேட்ச் பார்க்காதவர். சாவியை நேரில் வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கோட்டுக்கு ஓரமாக ஒரு நாற்காலி போட்டோம். அக்காவும் வந்தார். அவருக்கு முன்னால் இவர் உட்காரக் கூடாதே! அதனால் மைதானத்தின் அந்த முனைக்குப் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு நாற்காலி. நடுவில் நான்.

முதல் பாதியிலேயே அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள்.

"மாஸ்டரு!" என்றார் பெரியவர். ஓடினேன். "அந்தக் கீப்பர் பையன் ஏன் தூங்கறான்னு கேளுங்க."

அந்த முனைக்கு ஓடினேன். "கீப்பரு ஏன் தூங்கறான்னு கேக்கறாருங்க."

"அவன் தூங்குல, வெயிலு கண்ணுல அடிக்குதுன்னு சொல்லுங்க."

இந்த முனைக்கு ஓடினேன். மூச்சு வாங்க, "வெயிலுங்க" என்றேன்.

"மத்த டீமுக்கு வெயில் அடிக்கலையான்னு கேளுங்க."

அன்றைக்கு அந்த மைதானத்தில் அதிகம் ஓடியது உன்னியும் இல்லை, யாரும் இல்லை, நான்தான். முட்டியைப் பற்றி எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் இந்த இடத்தில் எழுதியிருப்பேன்.

இரண்டாவது பாதியில் நேரம் கரைய ஆரம்பித்தது. உன்னி இடது பக்கமாக ஒதுங்கி சும்மா நின்றுகொண்டிருந்தான். பெரியவரால் பொறுக்க முடியவில்லை.

"அந்த மலையாளத்துப் பையன் மரமாட்ட நிக்கறான். வெளிய எடுத்துட்டு வேற ஆளப் போடச் சொல்லுங்க!"

ஓடினேன்.

"அவன் நிக்க வேண்டிய எடத்துலதான் நிக்கறான்னு சொல்லுங்க."

ஓடினேன். பாதி வழியில் எனக்கு மூச்சு அடைத்துவிட்டது. இரண்டு முட்டியிலும் கையை ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டேன். பெரியவர் என்னைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஏம்மா ருக்மணி! அவன வெளிய எடுக்கறயா இல்லியா?"

அத்தனை கூட்டமும் திரும்பிப் பார்த்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுசர் வாயில் அக்காவின் பெயர் வந்து யாரும் கேட்டதில்லை. அக்காவும் எழுந்துவிட்டார். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்.

"எடுக்க மாட்டனுங்க மாமா! நீங்க உக்காந்து பாருங்க!"

பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீரபாண்டியில் அவரை உட்காரச் சொன்ன முதல் ஆள் அக்காவாகத்தான் இருக்கும்.

அதற்குள் சவரிமுத்து ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்து, எழுந்திருக்கிறபோதே இடது பக்கம் எறிந்துவிட்டான். "எனக்கு!" என்று மச்சான் கத்தினான், மாமன் ஒதுங்கினார். மச்சானிடமிருந்து இன்னொருவன், அவனிடமிருந்து இன்னொருவன். ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டேபிளில் பீஸ் போகிற மாதிரி பந்து போயிற்று. கடைசியில் உன்னி நின்ற இடத்துக்கு, அவன் நின்ற காலுக்கே வந்தது. அவன் செய்ததெல்லாம் காலைத் தூக்கி அடித்ததுதான்.

கோல் விழுந்தபோது பெரியவர் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். சந்தோசத்திலா, ஆத்திரத்திலா என்று நான் இதுவரை கேட்டதில்லை. விசில் ஊதினார்கள். ஒன்றுக்கு ஒன்று. டீம் முதல் டிவிசனிலேயே நின்றது. பையன்கள் என்னைத் தூக்கினார்கள், தூக்கிய வேகத்தில் போட்டும்விட்டார்கள். நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு பார்த்தபோது பெரியவரின் கார் போய்விட்டிருந்தது.

எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. பந்தயத்தில் ஜெயித்தது சரி. இரண்டு குடும்பமும் இத்தோடு முறிந்துவிட்டதே என்று நினைத்தேன். வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னவர் சொன்னபடி செய்கிற ஆள்.

மறுநாள் காலை

மறுநாள் நான் கம்பெனிக்குப் போகும்போது கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேன் உள்ளே கூப்பிட்டிருக்கிறான், வரவில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா வெளியே வந்தார். கேட்டுக்கு உள்ளே அவர், வெளியே இவர். பழக்கதோசத்தில் நான் நடுவில் போய் நின்றேன்.

பெரியவர் என் பக்கமே திரும்பவில்லை.

"ருக்மணி, வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லீட்டேன். அதுனால இங்கயே நின்னு கேக்கறேன்."

"சொல்லுங்க மாமா."

துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். எனக்கு அந்த மனுசரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"என்ற பெரிய பொண்ணு பி.காம். படிச்சுட்டு ஊட்லயே உக்காந்துட்டிருக்குது. எனக்கு ஆம்பளப் பையன் இல்ல. எனக்கப்பறம் அந்தக் கம்பெனிய யாரு பார்க்கறதுன்னு நெனச்சா தூக்கம் வர மாட்டேங்குது." நிறுத்தினார். "உங்கிட்ட அனுப்பறேன். நடத்தறதுக்குச் சொல்லிக் குடு."

அக்கா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கே வரச்சொல்லுங்க மாமா" என்றார் கடைசியில். "மொத மாசம் செக்கிங்ல பீஸ் பார்த்துட்டு நிக்கோணும். சொந்தக்காரப் புள்ளைன்னு சலுக கெடையாது."

"நிக்கட்டும்" என்றார் பெரியவர். ரோட்டைத் தாண்டித் தன் கம்பெனிக்குப் போனார்.

அக்கா உள்ளே போய் சின்னவர் போட்டோவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சாவு வீட்டில்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அழுவதற்கு யாரும் அவரை விடவில்லை, கையெழுத்துக்கும் கணக்குக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டேன். நூல்காரர் வந்தார், டையிங்காரர் வந்தார். "அக்கா வேலையா இருக்கறாங்க, சித்த நேரம் இருங்க" என்று எல்லாரையும் வாசலிலேயே உட்கார வைத்தேன்.